பின்லாந்தா, சுவோமியா? ஒரு மக்களுக்கு இரண்டு பெயர் வந்த கதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்டாம்ப் சேர்த்த பழக்கம் உள்ளவர்களுக்கு இது தெரிந்திருக்கும். சுவிட்சர்லாந்து ஸ்டாம்பில் ஹெல்வெட்டியா என்று இருக்கும். ஹங்கேரி ஸ்டாம்பில் மக்யார் என்று இருக்கும். பின்லாந்து ஸ்டாம்பில் மட்டும் சுவோமி, பின்லாந்து என்று இரண்டு பெயரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். பள்ளிக்கூட நாட்களில் ஒன்று நாட்டின் பெயர், மற்றது ஏதோ ஊர்ப் பெயர் என்று நானாகவே முடிவுகட்டி, ஆல்பத்தில் "பின்லாந்து, சுவோமி மாவட்டம்" என்று பென்சிலால் எழுதி வைத்திருந்தேன். அது முழுத் தப்பு இல்லை என்று தெரிய இருபது வருஷம் ஆனது. ஏன் என்பது பாதியில் வரும்.

பின்லாந்து மக்கள் தங்களை எப்படிச் சொல்லிக்கொள்கிறார்கள்?

நாடு சுவோமி. அந்நாட்டு ஆள் சுவோமலைனென். பலர் சேர்ந்தால் சுவோமலைசெத். அவர்கள் பேசும் மொழிக்கும் சுவோமி என்றே பெயர். எந்தச் சொல்லானாலும் முதல் அசையில்தான் அழுத்தம் விழும்.

பின்னால் ஒட்டியிருக்கும் 'லைனென்' நம் 'காரர்' செய்யும் வேலையைச் செய்கிறது. மதுரைக்காரர் மாதிரி, ஹெல்சிங்கியில் இருப்பவர் ஹெல்சின்கிலைனென். ஆகவே சுவோமலைனென் என்றால் சுவோமிக்காரர், அவ்வளவுதான்.

அப்படியென்றால் 'பின்லாந்து' அந்நியர் வைத்த பெயரா?

பாதி ஆமாம். அந்நாட்டில் ஆட்சிமொழி இரண்டு: பின்னிய மொழி (மேலே சொன்ன சுவோமிதான்), ஸ்வீடிஷ். ஸ்வீடிஷைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் நூற்றுக்கு ஐந்து பேருக்குக் கொஞ்சம் மேல். அவர்களும் அந்த மண்ணின் பிள்ளைகள்தான். அவர்கள் வாயில் நாட்டின் பெயர் பின்லாந்துதான். ஸ்டாம்பில் இரண்டு பெயர் வந்ததும் இதனால்தான். வெளிநாடு போகும் கார்களின் பின்னால் ஒட்டும் வில்லையில்கூட சுவோமி, பின்லாந்து இரண்டின் முதலெழுத்தையும் சேர்த்து 'எஸ்எஃப்' என்று வெகுநாள் இருந்தது. 1993இல்தான் அது 'எஃப்ஐஎன்' ஆனது.

அண்டை நாடுகளைப் பார்த்தால் ஒரு கோடு தெரியும். தெற்கே எஸ்தோனியர் 'சோமெ' என்கிறார்கள், லாட்வியர் 'சோமியா', லித்துவேனியர் 'சுவோமியா'. இவர்களெல்லாம் உள்ளூர்ப் பெயரை எடுத்துக்கொண்டவர்கள். மேற்கே ஸ்வீடன், நார்வே, ஐஸ்லாந்து மூன்றும் 'ஃபின்' பக்கம். உலகத்தின் மற்ற மொழிகளில் பெரும்பாலானவை மேற்குப் பக்கத்திலிருந்து கடன் வாங்கின. தமிழும் ஆங்கிலம் வழியாக அதையேதான் வாங்கியது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பின்னிய மொழிக்குச் சொந்தமாக 'எஃப்' ஒலி கிடையாது. ஸ்வீடிஷ் 'காஃபெ' அவர்கள் வாயில் 'கஹ்வி' ஆனது. நம் வாயில் காபி காப்பி ஆனது போல. உலகம் அவர்களுக்குக் கொடுத்த பெயர், அவர்கள் நாக்கில் இல்லாத எழுத்தில் தொடங்குகிறது.

'ஃபின்' என்ற பெயர் முதன்முதலில் எங்கே எழுதப்பட்டது?

ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் கி.பி. 98இல் ஜெர்மானியக் குடிகளைப் பற்றி எழுதிய நூலின் கடைசி அத்தியாயத்தில். 'ஃபென்னி' என்று ஒரு கூட்டத்தைப் பற்றிச் சொல்கிறார். அவர்களிடம் ஆயுதம் இல்லை, குதிரை இல்லை, வீடு இல்லை. சாப்பாடு இலை தழை, உடை தோல், படுக்கை தரை. இரும்பு கிடையாது என்பதால் அம்பு முனைக்கு எலும்பு. ஆண்களோடு பெண்களும் வேட்டைக்குப் போவார்கள், பிடித்ததில் தங்கள் பங்கைக் கேட்டு வாங்குவார்கள். மழைக்கும் மிருகங்களுக்கும் பயந்து குழந்தைகளை மறைத்துவைக்க, ஒன்றோடொன்று முடைந்த கிளைகளுக்கு அடியைத் தவிர வேறு இடம் இல்லை.

இப்படி அருவருப்போடு ஆரம்பித்தவர், முடிக்கும்போது தடம் மாறுகிறார். வயலில் முனகிக்கொண்டு, வீடு கட்டப் பாடுபட்டு, சொத்துக்காக நடுங்கிக்கொண்டு வாழ்வதைவிட இதுவே மேல் என்று அவர்கள் நினைக்கிறார்கள். வேண்டிக்கொள்ள ஒன்றுமே தேவைப்படாத நிலைக்கு வந்துவிட்டார்கள், அது எட்டுவதற்கு மிகக் கடினமான நிலை என்கிறார். அவர் வடக்கே போய்ப் பார்த்து எழுதவில்லை, கேள்விப்பட்டதைத்தான் எழுதினார். ரோமானியருக்குப் பாடம் சொல்ல ஃபென்னிகளை ஒரு சாக்காக வைத்துக்கொண்டார் என்பது என் எண்ணம்.

அடுத்து, 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க அறிஞர் தாலமியின் புவியியலில் 'ஃபின்னோய்' என்று இரண்டு இடங்களில் வருகிறார்கள். 6ஆம் நூற்றாண்டில் வரலாற்றாசிரியர் யோர்தானெஸ், வடக்கில் வாழ்பவர்களிலேயே சாதுவானவர்கள் என்று ஃபின்னிகளைக் குறிப்பிடுகிறார். அதே நூற்றாண்டில் பிரொகோப்பியஸ் எழுதிய 'ஸ்கிரித்திஃபினோய்' என்ற பெயரின் முன்பாதி, பழைய நார்டிக் மொழியில் பனிச்சறுக்குக் கட்டைமேல் வழுக்கிப் போவதைக் குறிக்கும் வினைச்சொல்.

டாசிட்டஸ் சொன்னவர்கள்தான் இன்றைய பின்லாந்து மக்களின் முன்னோர்களா?

பெரும்பாலும் இல்லை. இந்தப் பக்கத்திலேயே முக்கியமான பதில் இதுதான் என்று சொல்வேன்.

பழைய நார்டிக் மொழியில் 'ஃபின்' என்றால் சாமி மக்கள். (நம் சாமிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வடக்கு நார்வே, ஸ்வீடன், பின்லாந்து, ரஷ்யாவின் கோலா தீபகற்பம் வரை பரவி வாழும் பழங்குடிகள். கலைமான் மேய்ப்பவர்கள் என்று பள்ளிப் புத்தகத்தில் 'லாப்பியர்' என்ற பெயரில் படித்திருப்போம். அந்தப் பெயரை அவர்கள் இழிவாகக் கருதுகிறார்கள், ஆகவே விட்டுவிடுவது நல்லது.) நார்வேயின் வடகோடி மாவட்டத்துக்கு இன்றும் ஃபின்மார்க் என்றுதான் பெயர். அது பின்லாந்துக்காரர்களின் எல்லை இல்லை, சாமிகளின் நிலம்.

9ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒத்தெரெ என்ற நார்வே வியாபாரி இங்கிலாந்தின் ஆல்ஃபிரெட் மன்னரிடம் தன் ஊர் நிலவரத்தைச் சொன்னார்; அதைப் பழைய ஆங்கிலத்தில் எழுதிவைத்திருக்கிறார்கள். நார்வேக்காரர் எல்லோரையும்விட வடக்கே தன் வீடு இருக்கிறது என்கிறார். தன்னிடம் பழக்கிய கலைமான் 600 இருக்கிறது, அதில் 6 மான் காட்டு மான்களை இழுத்துவரப் பயன்படும் துணைமான் என்று கணக்குச் சொல்கிறார். தன் வருமானத்தில் பெரும்பங்கு 'ஃபின்னாஸ்' கட்டும் கப்பம். அந்தஸ்தில் மேலே இருப்பவர் 15 மார்ட்டென் (மரநாய் போன்ற சிறு விலங்கு) தோல், 5 கலைமான் தோல், ஒரு கரடித் தோல், பத்து அளவு இறகு, கரடி அல்லது நீர்நாய்த் தோலில் ஓர் அங்கி, 60 முழத்தில் இரண்டு கப்பல் கயிறு கொடுக்க வேண்டும். கயிறுகளில் ஒன்று திமிங்கிலத் தோலில், மற்றது கடல்நாய்த் தோலில்.

இந்தப் பட்டியலில் தானியமே இல்லை. உழவு செய்தவர்கள் கட்டிய கப்பம் இல்லை இது. மீன்பிடித்து, பறவை பிடித்து, வேட்டையாடி வாழ்ந்தவர்களின் கப்பம். 'ஃபின்' என்ற சொல்லை அன்று சொன்னவர் மனதில் எந்த மாதிரி மனிதர் நின்றார் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

'ஃபின்' என்றால் என்ன பொருள்?

முடிவான விடை கிடையாது. அதிகம் சொல்லப்படும் விளக்கம், ஜெர்மானிய மொழிகளில் 'கண்டெடு' என்று பொருள்படும் வினையோடு அதைச் சேர்க்கிறது. ஆங்கிலத்தில் இன்று 'ஃபைண்ட்' என்கிறோமே, அதே வேர். விதைக்காமல், கண்டதைப் பொறுக்கியும் வேட்டையாடியும் வாழ்கிறவர்கள், அலைந்து திரிபவர்கள் என்று பக்கத்தில் உழுது வாழ்ந்தவர்கள் வைத்த பெயராக இருக்கலாம். ஒத்தெரெயின் கப்பப் பட்டியலோடு பொருந்தி வருகிறது, ஆனால் பொருந்துவதாலேயே நிரூபணம் ஆகிவிடாது.

'ஃபென்' என்றால் ஆங்கிலத்தில் சதுப்பு. அதிலிருந்து வந்தது என்பது இன்னொரு கட்சி. இந்தச் சதுப்பு விளக்கம் சுவோமிக்கும் வந்து ஒட்டிக்கொண்டது.

பெயர் சாமிகளிடமிருந்து பின்லாந்து மக்களுக்கு எப்போது மாறியது?

ஒரு நாளில் மாறவில்லை. ஸ்வீடன் பக்கத்தில் மாறியது, நார்வே பக்கத்தில் வெகுகாலம் மாறவே இல்லை.

ஸ்வீடனின் உப்லாந்து பகுதியில், சோடர்பி-கார்ல் என்ற இடத்தில், 11ஆம் நூற்றாண்டு ரூனிக் கல் (பழைய வடநாட்டு எழுத்து வெட்டிய கல்) ஒன்று. நம் ஊர் நடுகல் மாதிரிதான். பியோர்ன் என்பவரும் இகுல்ஃபிரித் என்பவரும் தங்கள் மகன் ஓத்ரிக் நினைவாக நிறுத்தியது. அவன் "பின்லாந்தில் கொல்லப்பட்டான்" என்று அதில் வெட்டப்பட்டிருந்தது. வெட்டியவர் எழுத்துக்கூட்டியது 'ஃபின்லொண்ட்'. பின்லாந்து என்ற நாட்டுப்பெயரின் மிகப் பழைய சாட்சிகளில் ஒன்று இப்படி ஒரு பெற்றோரின் துக்கத்தில் கிடைக்கிறது. ஸ்வீடனின் கிழக்குக் கரையிலிருந்து படகேறிப் போனால் முதலில் வருவது இன்றைய துர்க்கு நகரத்துப் பக்கத்துக் கரை. அங்கே இருந்தவர்கள் கலைமான் பின்னால் அலைந்தவர்கள் இல்லை, பயிர் வைத்தவர்கள். ஆனாலும் பெயர் அவர்கள்மேல் விழுந்துவிட்டது.

12ஆம் நூற்றாண்டில் போப் மூன்றாம் அலெக்சாண்டரின் கடிதம் ஒன்று 'ஃபின்னி'களைப் பற்றிக் குறைப்படுகிறது: எதிரி வந்தால் கிறிஸ்தவர்களாக இருப்போம் என்கிறார்கள், எதிரி போனதும் மறந்துவிடுகிறார்கள். எதிரி வந்துபோகும் கரையோரத்து மக்களை அவர் சொல்கிறார் என்றே தெரிகிறது.

நார்வேயிலோ 'ஃபின்' என்றால் சாமிதான் என்று ஆயிரம் ஆண்டு போல நிலைத்துவிட்டது. ஆகவே பின்லாந்திலிருந்து வந்து குடியேறியவர்களுக்கு வேறு பெயர் வேண்டியிருந்தது. அதுதான் 'குவேன்'.

குவேன் என்பவர்கள் யார்?

வடக்கு நார்வேயில் வாழும், பின்னிய மொழிக்கு மிக நெருங்கிய பேச்சைக் கொண்ட மக்கள். நார்வே அரசு 1998இல் அவர்களைத் தேசியச் சிறுபான்மையினர் என்றும், 2005இல் அவர்கள் பேச்சைத் தனி மொழி என்றும் ஏற்றது. பெயர் பழையது; ஒத்தெரெ சொன்னதிலேயே 'குவெனாஸ்' வருகிறார்கள்.

11ஆம் நூற்றாண்டில் பிரெமென் நகரத்துப் பாதிரியார் ஆடம், வடக்கே பெண்கள் மட்டுமே வாழும் நாடு ஒன்று இருக்கிறது என்று எழுதிவைத்தார். நார்டிக் மொழிகளில் பெண்ணைக் குறிக்கும் சொல்லும் குவேனும் காதுக்கு ஒன்றுபோல இருந்ததால் வந்த வினை என்று பலரும் கருதுகிறார்கள். காதில் தவறாக விழுந்த ஒரு சொல் ஒரு நாட்டையே உண்டாக்கிவிட்டது!

சுவோமி என்றால் 'சதுப்பு நிலம்' என்று படித்தேனே?

எல்லோரும் படித்திருக்கிறோம். 'சுவோ' என்றால் சதுப்பு. 'மா' என்றால் நிலம். சுவோமா, சுவோமி. பின்லாந்தின் நிலப்பரப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஒரு காலத்தில் சதுப்பாக இருந்ததும் உண்மை. இதற்குமேல் என்ன வேண்டும் என்று தோன்றும். ஃபென்லாந்து, சுவோமா இரண்டுக்கும் ஒரே அர்த்தம் என்று பழைய அறிஞர்கள் மகிழ்ந்துபோனார்கள்.

ஆனால் இலக்கணம் ஒத்துவரவில்லை. 'மா' என்ற சொல் நெட்டுயிரில் முடிவது. அது தேய்ந்து 'மி' ஆக வழியில்லை. வேற்றுமை உருபு ஏறும்போது பொய் பிடிபடும். 'மா' உள்ளே இருந்தால் 'சுவோமியின்' என்பதற்கு 'சுவோமான்' என்று வரவேண்டும். வருவதோ 'சுவோமென்'. ஹெல்சிங்கிக்கு எதிரே தீவுகளில் இருக்கும் கோட்டையின் பெயர் சுவோமென்லின்னா, பின்லாந்து வளைகுடா சுவோமென்லஹ்தி. சொல்லின் அடி 'சுவோமெ' என்பது இதில் வெளிப்படை. போதாததற்கு, சதுப்பு நிலம் என்ற பொருளில் 'சுவோமா' என்ற சொல் தேயாமல் கொள்ளாமல் இன்றும் அவர்கள் மொழியில் தனியாக இருக்கிறது.

'சுவோமு' என்றால் மீன் செதில்; மீன்தோல் உடுத்தியவர்கள் என்பதால் அந்தப் பெயர் என்பது இன்னொரு கதை. கதைதான்.

அப்படியானால் சுவோமி எங்கிருந்து வந்தது?

இன்று அதிக ஆதரவு உள்ள கருத்து, பால்டிக் மொழிகளிலிருந்து வந்தது என்பது. லித்துவேனிய மொழியில் 'ஜெமே' என்றால் நிலம், பூமி. அதன் பழைய வடிவம் பின்னிய மொழியின் முன்னோடிக்குள் கடனாகப் போய், ஒலி மாறி, தெற்கு பின்லாந்தின் உள்நாட்டுப் பகுதியான 'ஹாமெ'யின் பெயரானது என்கிறார்கள். சாமி மக்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயரும் அதே வேரிலிருந்து வந்ததாகப் பெரும்பாலோர் ஏற்கிறார்கள்.

சுவோமியையும் இந்தக் குடும்பத்தில் சேர்ப்பதில்தான் இழுபறி. உயிரெழுத்து பொருந்தவில்லை. யோர்மா கோய்வுலெஹ்தோ என்ற பின்லாந்து மொழியியலாளர் அதற்கு ஒரு சுற்றுவழி சொன்னார்: சொல் ஜெர்மானிய மொழிக்குள் போய் அங்கே உயிர் மாறி, மறுபடியும் கடனாகத் திரும்பி வந்தது. கேட்க வளைந்து நெளிந்து இருக்கிறது. ஆனால் கடல் வியாபாரம் நடக்கும் கரையில் சொற்கள் இப்படித்தான் போய்வரும் என்பதால் எனக்கு இது நம்பக்கூடியதாகவே படுகிறது. வேறு மொழியியலாளர்கள் ஒப்புக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இது சரியென்றால் ஒரு தூரத்து உறவு கிடைக்கும். லித்துவேனிய 'ஜெமே', ரஷ்ய 'ஜெம்லியா', லத்தீன் 'ஹூமுஸ்', சமஸ்கிருதத்தில் பூமியைக் குறிக்கும் 'க்ஷமா' எல்லாம் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து கிளைத்தவை.

இன்னொன்றையும் கவனியுங்கள். வெளியார் வைத்த 'ஃபின்' முதலில் சாமிகளுக்கு உரியது. தாங்களே வைத்துக்கொண்ட 'சுவோமி'யும் வேரில் சாமிகளின் பெயரோடு ஒன்றாக இருக்கலாம். எந்தப் பக்கம் தோண்டினாலும் அதே அண்டைவீட்டார்தான் எதிரே வருகிறார்கள்.

'சுவோமி' என்றால் ஆரம்பத்திலிருந்தே முழு நாடா?

இல்லை. என் பென்சில் குறிப்பு பாதி சரியானது இங்கேதான். சுவோமி முதலில் தென்மேற்கு மூலை மட்டும். துர்க்குவைச் சுற்றியுள்ள கடலோரப் பகுதி. அதற்குக் கிழக்கே ஹாமெ, இன்னும் கிழக்கே கர்யாலா. 1240இல் நேவா ஆற்றுச் சண்டையைப் பற்றிச் சொல்லும், ரஷ்ய நகரமான நோவ்கொரோத்தின் வரலாற்றுக் குறிப்பு, ஸ்வீடன் படையோடு வந்தவர்களை 'சூம்', 'யெம்' என்று இரண்டு தனிக் கூட்டமாக எண்ணுகிறது. சூம் என்றது சுவோமிக்காரர்களை, யெம் என்றது ஹாமெக்காரர்களை. அன்றைய ரஷ்யர் கண்ணுக்கு அவர்கள் ஒரே மக்கள் இல்லை.

மூலையின் பெயர் முழு நாட்டுக்கும் பரவியதற்குக் காரணம் துர்க்கு. ஆயர் அங்கே இருந்தார், கோட்டை அங்கே இருந்தது, ஸ்வீடன் ஆட்சி கரையேறிய இடமும் அதுதான். பின்னிய எழுத்துமொழிக்கு அடித்தளம் போட்ட மிக்கேல் அக்ரிகோலா, 1548இல் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து வெளியிட்டபோது சுவோமிப் பகுதியின் பேச்சை முன்னால் வைத்தார். மற்ற பகுதிகளுக்கெல்லாம் அது தாய் போல என்று முன்னுரையில் காரணமும் சொன்னார்.

பெயர் பெரிதானதும் பழைய சொந்தக்காரர்களுக்குப் பெயர் இல்லாமல் போய்விட்டது. ஆகவே அந்த மூலைக்கு இப்போது 'வர்சினைஸ்-சுவோமி' என்று பெயர், அதாவது 'அசல் சுவோமி'. மாவட்டத்துக்கே 'அசல்' என்று பெயர்ப்பலகை மாட்டிய வேறு இடம் எனக்கு நினைவுக்கு வரவில்லை. அல்வாக் கடைகளைத்தான் அப்படிப் பார்த்திருக்கிறேன்.

அவர்களும் அண்டை வீட்டாருக்கு இதையே செய்தார்கள். எஸ்தோனியாவின் ஒரு பகுதி விரு. அதை வைத்து முழு நாட்டையும் 'விரோ' என்கிறார்கள். சாக்சன் குடியை வைத்து ஜெர்மனி 'சாக்சா' ஆனது.

ஸ்வீடிஷில் 'ஃபின்னெ' என்றால் முகப்பருவாமே?

ஆமாம். பின்லாந்துக்காரரும் ஃபின்னெ, முகத்தில் வரும் பருவும் ஃபின்னெ, பன்மையும் ஒன்றே. வேர் வேறு, ஒலி ஒன்று. பருவைக் குறிக்கும் சொல்லை மட்டும் பின்னிய மொழி 'ஃபின்னி' என்று கடன் வாங்கிக்கொண்டது. ஆக, பின்லாந்தில் ஒருவரைப் பார்த்து "நீங்கள் ஃபின்னியா?" என்று அவர்கள் மொழியில் கேட்க நினைத்தால், பரு என்று கூப்பிட்டதாகிவிடும்.

வசையும் உண்டு. 1960களிலும் 70களிலும் வேலை தேடி லட்சக்கணக்கானோர் பின்லாந்திலிருந்து ஸ்வீடனுக்குப் போனார்கள். அங்கே தொழிற்சாலைகளிலும் தெருவிலும் அவர்கள் காதில் விழுந்த சொல் 'ஃபின்யேவெல்', ஃபின் பிசாசு என்று சொல்லலாம். இன்று ஹெல்சிங்கியில் அதே பெயரில் ஓர் உணவகம் நடக்கிறது.

ரஷ்யர்கள் எப்படி அழைத்தார்கள்?

அதிகாரபூர்வமாக 'ஃபின்னி'. பேச்சில் 'சுஹ்னா', 'சுஹோனெத்ஸ்'. பழைய வரலாற்றுக் குறிப்புகளில் பால்டிக் கரையோரப் பின்னியக் குடிகளுக்கு வழங்கிய 'சூத்' என்ற பெயரிலிருந்து வந்தது. பீட்டர்ஸ்பர்க் நகரத்தைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து பாலும் வெண்ணெயும் கொண்டுவந்தவர்களை நகரத்தார் அப்படிக் கூப்பிட்டார்கள். 1833இல் புஷ்கின் எழுதிய வெண்கலக் குதிரைவீரன் கவிதையின் தொடக்கத்தில், நகரம் எழும்பும் முன் அந்தச் சதுப்பில் நின்ற கருப்புக் குடிசைகள் ஏழைச் சுஹோனெத்ஸின் ஒதுங்கிடம் என்று வருகிறது. இப்போது மரியாதையான சொல் இல்லை.

அமெரிக்காவில் இவர்களை 'மங்கோலியர்' என்று சொன்னது உண்மையா?

உண்மை, அதுவும் நீதிமன்றத்தில். அப்போதைய அமெரிக்கச் சட்டப்படி குடியுரிமை பெற ஒருவர் வெள்ளையராகவோ ஆப்பிரிக்க வம்சாவளியினராகவோ இருக்க வேண்டும். மின்னசோட்டா மாநிலத்தில் ஜான் ஸ்வான் என்ற பின்லாந்துக்காரர் விண்ணப்பித்தபோது, ஃபின்கள் மங்கோலிய இனம், ஆகவே வெள்ளையர் இல்லை என்று அரசு வழக்கறிஞர் எதிர்த்தார். அவர்கள் மொழி இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தில் சேராதது. மொழியை வைத்து இனத்தை முடிவுகட்டும் அன்றைய அறிவியல், மங்கோலியப் பெட்டியில் அவர்களைப் போட்டிருந்தது. 1908இல் துலூத் நகரில் நீதிபதி வில்லியம் கான்ட், தொல்பழங்காலத்தில் எப்படியோ, இன்று ஐரோப்பாவின் மிக வெளுத்த மக்களில் அவர்களும் சேர்த்தி என்று தீர்ப்புச் சொல்லி விண்ணப்பத்தை ஏற்றார். தோலைப் பார்த்துப் பெட்டி மாற்றினாரே தவிர, பெட்டி எதற்கு என்று கேட்கவில்லை.

மின்னசோட்டாவை ஒட்டிய பேரேரிப் பிரதேசத்தில் ஒஜிப்வே பழங்குடியினரோடு மணவுறவு கொண்ட பின்லாந்துக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு 'ஃபிண்டியன்' என்ற பெயர் ஏற்பட்டது. அதைச் சொந்தமாகவே ஏற்றுச் சொல்லிக்கொள்கிறவர்களும் உண்டு.

'ஃபின்னெ'க்கும் 'ஃபின்லெண்டாரெ'க்கும் என்ன வித்தியாசம்?

பின்லாந்தில் வாழும் ஸ்வீடிஷ் பேசுவோர் கவனமாகக் காக்கும் வித்தியாசம் இது. ஃபின்னெ என்றால் பின்னிய மொழி பேசுபவர். ஃபின்லெண்டாரெ என்றால் எந்த மொழி பேசினாலும் பின்லாந்து நாட்டவர். "நான் ஃபின்லெண்டாரெ, ஆனால் ஃபின்னெ இல்லை" என்று அவர்களால் முரண்பாடு இல்லாமல் சொல்ல முடியும். பின்னிய மொழியில் இந்தப் பிரிவு புழக்கத்தில் இல்லை, இரண்டுக்கும் சுவோமலைனென்தான்.

இந்த விஷயம் அவர்களுக்கு உயிரானதற்கு வரலாறு காரணம். 1809இல் பின்லாந்து ஸ்வீடனிடமிருந்து ரஷ்யாவிடம் போனபோது, படித்தவர்களின் மொழி ஸ்வீடிஷ். "ஸ்வீடன்காரர் இல்லை நாம், ரஷ்யராகப் போவதும் இல்லை, ஆகவே சுவோமிக்காரராக இருப்போம்" என்று அந்நாட்டு எழுத்தாளர் அர்விட்சன் சொன்னதாக வழங்கும் வாசகம் அந்தக் காலத்து மனநிலை. அந்த அர்விட்சனே ஸ்வீடிஷில் எழுதியவர்.

அயர்லாந்துப் பெயரான ஃபின்னுக்கும் இதற்கும் உறவு உண்டா?

இல்லை. ஐரிஷ் ஃபின் 'வெளுப்பு' என்று பொருள்படும் சொல். மீனின் துடுப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கும் இதற்கும் நிரூபித்த உறவு எதுவும் இல்லை. நார்டிக் நாடுகளில் வைக்கும் ஃபின், ஃபின்னுர் என்ற ஆண்பெயர்கள் மட்டும் இந்த இனப்பெயரோடு சேர்ந்தவை.

தமிழுக்கும் பின்னிய மொழிக்கும் உறவு உண்டு என்கிறார்களே?

கால்டுவெல் தொடங்கிவைத்த பேச்சு. 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில், பின்னிய மொழி உள்ளிட்ட, அவர் 'சிதியன்' என்று அழைத்த கூட்டத்தோடு திராவிடத்துக்கு உறவு இருக்கலாம் என்றார். ஒட்டுகளை அடுக்கிச் சொல்லைக் கட்டும் முறை இரண்டிலும் இருப்பது உண்மைதான். வீட்டைத் 'தலோ' என்பார்கள். 'தலோய்ஸா' என்றால் வீடுகளில். நம்முடையதைப் போலவே முதலில் பன்மை, பிறகு வேற்றுமை. ஆனால் கட்டும் முறை ஒத்திருந்தால் மட்டும் உறவாகிவிடாது. இன்றைய மொழியியல் இந்த உறவை ஏற்கவில்லை. பெயர்களை வைத்து உறவு கொண்டாட வேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

உண்மையான தொடர்பு ஒன்று உண்டு. ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தின் அஸ்கோ பர்போலா, சிந்துவெளி எழுத்தின் பின்னால் இருப்பது திராவிட மொழி என்று 1960களின் கடைசியிலிருந்து வாதாடி வருபவர். மீன் குறியை விண்மீனாக வாசித்தவர். 2010இல் கோவையில் நடந்த செம்மொழி மாநாட்டில் அவருக்கு விருது கொடுத்தார்கள்.

தமிழில் எப்படி எழுதுவது?

நாட்டுக்கு பின்லாந்து போதும். ஆய்தம் போட்டு ஃபின்லாந்து என்று எழுதினாலும் குற்றமில்லை. 'எஃப்' இல்லாதது அவர்களுக்கும் பழக்கம்தான். நாட்டு மக்களைப் பொதுவாகச் சொல்ல பின்லாந்துக்காரர் அல்லது பின்லாந்தியர் என்பதே பாதுகாப்பு, ஏனென்றால் அதில் ஸ்வீடிஷ் பேசுபவரும் சாமியும் அடங்குவார்கள். ஃபின் என்பதை மொழியும் இனமும் பேசும் இடத்துக்கு வைத்துக்கொள்ளலாம். மொழியைப் பின்னிய மொழி என்றோ ஃபின்னிஷ் என்றோ எழுதுங்கள். "பின்லாந்து மொழி" வேண்டாம், அங்கே அது இரண்டு. பழைய நார்டிக் கதைகளை மொழிபெயர்ப்பவர்கள் மட்டும் ஒருமுறைக்கு இருமுறை பார்க்க வேண்டும்: மூலத்தில் ஃபின் என்று இருந்தால், பெரும்பாலும் சாமி என்று போட வேண்டியிருக்கும்.